பழைய பப்பில் ரியல் ஏல் குடிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

இங்கிலாந்துக்குச் சுற்றுலா போகும் நம் ஆட்கள் பலர் பழைய பப் ஒன்றையும் பார்க்க வேண்டிய இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். வாசலில் நின்று படம் எடுக்கிறார்கள். உள்ளே போய் மேசையில் உட்கார்ந்து, யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருக்கிறார்கள். கடைசியில் ஏற்கெனவே தெரிந்த ஒரு லாகர் பீரை வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பப்பின் நல்ல சரக்கு கீழே நிலவறையில் இருக்கிறது. அதைத் தொடாமல் வந்தால் பப்பைப் பாதிகூடப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன்.

முதலில் ரியல் ஏல் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. சாதாரண பீரை ஆலையிலேயே வடிகட்டி, பெரும்பாலும் சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று, வாயு ஏற்றி அனுப்புவார்கள். ரியல் ஏலில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். கள் இறக்கிய பிறகும் பொங்கிக்கொண்டே இருப்பதுபோல, இதுவும் பப்பின் நிலவறையில் பீப்பாய்க்குள் நொதித்துக்கொண்டேதான் இருக்கும். அது பக்குவப்பட்டு, கசடு அடியில் படிந்த பிறகு கைப்பம்பால் மேலே இழுத்துக் கொடுப்பார்கள். 1960களில் பெரிய ஆலைகள் இந்த முறையைக் கைவிட்டு வாயு ஏற்றிய பீருக்கு மாறிக்கொண்டிருந்தன. அதை எதிர்த்து 1971-இல் கேம்ரா என்ற குடிப்பவர்களின் அமைப்பு தொடங்கியது. ரியல் ஏல் என்ற பெயரைப் பரப்பியதும் அவர்கள்தான்.

இது தெரியாமல் போகிறவர்கள் சொல்லும் முதல் குறை, 'பீர் சூடாக இருக்கிறது' என்பது. சூடாக இல்லை. நிலவறையின் குளிர்ச்சி, அதாவது 11 முதல் 13 டிகிரி செல்சியஸ், அப்படியே கிளாஸில் இருக்கிறது. அதற்கும் கீழே குளிர வைத்தால் மால்ட் எனும் முளைகட்டிய தானியத்தின் இனிப்பும் ஹாப்ஸ் எனும் பூவின் கசப்பும் நாக்குக்கு எட்டாது. ஐஸ் கேட்காதீர்கள். நான்கு வாய் குடித்துப் பாருங்கள், ஐந்தாவதில் பழகிவிடும்.

அடுத்த தவறு, பழைய கட்டடமாக இருந்தால் ஏலும் நன்றாக இருக்கும் என்று நம்புவது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. பீப்பாயைத் திறந்த பிறகு மூன்று நாளுக்குள் தீர்ந்துவிட வேண்டும், இல்லையென்றால் காற்றுப் பட்டுப் புளிக்கத் தொடங்கிவிடும். வழக்கமான பீப்பாய் ஒன்பது கேலன், அதாவது 72 பைண்ட். ஒரு பைண்ட் 568 மில்லி. ஆளே இல்லாத ஒரு பப்பில் எட்டுக் கைப்பம்புகள் வரிசையாக நின்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இரண்டே பம்பு, ஆனால் உள்ளூர்க்காரர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள் என்றால் தாராளமாக நம்பலாம். பம்பின் முகப்பில் மாட்டியிருக்கும் அட்டை திரும்பியிருந்தால் அந்த ஏல் இப்போது இல்லை என்று அர்த்தம்.

எதை வாங்குவது என்று குழம்பினால், சும்மா கேளுங்கள். 'கொஞ்சம் ருசி பார்க்கலாமா?' என்றால் பெரும்பாலான இடங்களில் சின்னக் கிளாஸில் ஒரு வாய் ஊற்றித் தருவார்கள். கூட்டமான நேரத்தில் ஐந்தாறு வகை ருசி பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும் வேண்டாம். முதல் தடவை என்றால் பிட்டர் என்ற ஏல் வகையைக் கேளுங்கள். வலு பெரும்பாலும் 4 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். கருப்பாக, லேசாக வேண்டுமானால் மைல்ட். முழு பைண்ட் வாங்கியே தீர வேண்டும் என்றும் இல்லை. அரை பைண்ட் எல்லா இடத்திலும் உண்டு, மூன்றில் ஒரு பங்கு அளவும் சில இடங்களில் கிடைக்கும்.

சரி, வாங்குவது எப்படி? நம் ஆட்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பப்பில் மேசைக்கு வந்து கேட்கும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. எழுந்து பாருக்குப் போய், கேட்டு, காசு கொடுத்து, கிளாஸை நீங்களே எடுத்து வர வேண்டும். சாப்பாடும் அப்படியே: மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு போய் பாரில் சொன்னால் தட்டு மட்டும் மேசைக்கு வரும். பாரில் வரிசை இருக்காது. ஆனால் யார் முதலில் வந்தார், யார் அடுத்தது என்று நிற்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், பாருக்குப் பின்னால் நிற்பவருக்கும் தெரியும். விரலைச் சொடுக்குவது, நோட்டை ஆட்டுவது, 'பாஸ்' என்று கூப்பிடுவது எல்லாம் உங்களைக் கடைசிக்குத் தள்ளிவிடும். கண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைத்தால் போதும். உங்களுக்கு முன்னால் வந்தவரை விட்டுவிட்டு உங்களிடம் கேட்டால், 'இவர்தான் முதலில்' என்று அவரைக் காட்டுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு அங்கே பெரிய மரியாதை உண்டு.

நண்பர்களோடு போனால் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்குவது வழக்கம். இரண்டு முறை மற்றவர்கள் வாங்கிக் கொடுத்த பிறகு உங்கள் முறை வரும்போது நழுவினால், சொல்ல மாட்டார்கள், ஆனால் மறக்கவும் மாட்டார்கள். மெதுவாகக் குடிப்பவர் என்றால் ஆரம்பத்திலேயே 'நான் தனியாக வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லிவிடலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. மனசுக்குப் பிடித்திருந்தால், காசு கொடுக்கும்போது 'உங்களுக்கும் ஒன்று' என்று சொல்வார்கள். பாருக்குப் பின்னால் நிற்பவர் அதற்கான காசை எடுத்துக்கொள்வார்.

நுரை விஷயத்திலும் வீணாகச் சண்டை வருகிறது. யார்க்‌ஷயர் போன்ற வடக்குப் பகுதிகளில் பம்பின் மூக்கில் சல்லடைபோல ஒன்றை மாட்டி, கெட்டியான நுரையோடு கொடுப்பார்கள். லண்டன் பக்கம் நுரை மெல்லிசாகவே இருக்கும். இரண்டும் சரி. ஆனால் நுரை போகப் பாதிக் கிளாஸ்தான் இருக்கிறது என்றால், 'கொஞ்சம் நிரப்பித் தர முடியுமா?' என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். அதேபோல ஏலில் வினிகர் வாடை அடித்தால், பாதி குடித்து முடிப்பதற்கு முன்பே திரும்பக் கொண்டுபோங்கள். குரல் உயர்த்தாமல் சொன்னால் நல்ல பப்பில் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். தங்கள் நிலவறையில் கவனம் வைத்திருப்பவருக்கு அது வேண்டிய தகவலும்கூட.

சைவம் சாப்பிடுபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ஏலைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசின்கிளாஸ் என்ற பொருளைப் பல ஆலைகள் காலங்காலமாகச் சேர்த்து வருகின்றன. கசடோடு சேர்ந்து அது அடியில் தங்கிவிடும் என்றாலும், ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. அது சேர்க்காத ஏல்களும் இப்போது நிறைய வருகின்றன, அவை கொஞ்சம் கலங்கலாக இருக்கலாம். 'வீகன் ஏல் இருக்கிறதா?' என்று கேட்டால் காட்டுவார்கள். உருளைக்கிழங்கு வறுவலையும் கேட்டே வாங்குங்கள். வடக்கில் சில இடங்களில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள்.

இனி கட்டடம். வாசலில் எழுதியிருக்கும் ஆண்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். நாட்டிங்ஹாமில் கோட்டைப் பாறையை ஒட்டி இருக்கும் யீ ஓல்டு டிரிப் டு ஜெருசலேம் என்ற பப்பின் சுவரில் 1189 என்று பெரிதாக இருக்கிறது. இப்போது நிற்கும் கட்டடம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதே ஊரில் பெல் இன், சல்யூடேஷன் இன் என்று இன்னும் இரண்டு பப்கள் 'நாங்கள்தான் பழசு' என்கின்றன. ஆனால் ஆண்டுச் சண்டையை விடுங்கள், டிரிப்பின் உள்ளறைகள் மணற்பாறையைக் குடைந்த குகைகள். அதைப் பார்க்கவே போகலாம்.

லண்டனில் ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் சதர்க்கில் இருக்கும் ஜார்ஜ் இன் போங்கள். 1676-இல் வந்த தீயில் எரிந்து, 1677-இல் திரும்பக் கட்டியது. முற்றத்தைப் பார்த்த மரத் தாழ்வாரங்களோடு லண்டனில் மிஞ்சியிருக்கும் ஒரே குதிரைவண்டிக் காலத்து விடுதி அது. முன்பு மூன்று பக்கமும் இருந்தது. ரயில்வே கம்பெனி 1889-இல் இரண்டு பக்கங்களை இடித்துவிட, தெற்குப் பக்கம் மட்டும் தப்பியது. இப்போது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் கையில் இருக்கிறது. பலர் முற்றத்தில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சின்னச் சின்னதாகப் பிரிந்திருக்கும் உள்ளறைகளில் ஒன்றில் அரை மணி நேரமாவது உட்கார்ந்தால்தான் அந்தக் கட்டடம் பிடிபடும். ஒரு அரை பைண்டோ ஆரஞ்சு ஜூஸோ வாங்கிவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள். குடிக்காதவர்களுக்கும் பப்பில் முழு இடம் உண்டு. எதையும் வாங்காமல் கேமராவோடு எல்லா அறைகளையும் சுற்றுவதுதான் தவறு. இந்தக் கட்டடங்கள் நுழைவுச் சீட்டால் பிழைக்கவில்லை, பாரில் விழும் காசால் பிழைக்கின்றன.

சுவரையும் கூரையையும் தொடாமல் பார்ப்பது நல்லது. கேம்பிரிட்ஜில் ஈகிள் பப்பின் பின்னறைக் கூரையில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமானப்படை வீரர்கள் மெழுகுவர்த்தியாலும் லைட்டராலும் எழுதிய பெயர்கள் இன்னும் இருக்கின்றன. 1953-இல் டிஎன்ஏவின் அமைப்பைக் கண்டுபிடித்ததை விஞ்ஞானி பிரான்சிஸ் கிரிக் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அறிவித்ததாகச் சொல்வதும் அதே பப்பில்தான். படம் எடுப்பதற்கு முன் அங்கே உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சாமுவேல் ஸ்மித் ஆலை தன் பப்களில் போன் பயன்படுத்தவே 2019-இல் தடை போட்டது. அப்புறம், உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய உத்தரங்கள் தாழ்வானவை, படிகள் ஒன்றுக்கொன்று சமமாக இருக்காது.

நேரம் பார்த்துப் போங்கள். வார நாளில் மதியம் இரண்டு, மூன்று மணிக்குப் போனால் அறைகள் காலியாக இருக்கும், பாரில் இருப்பவருக்கும் பேச நேரம் இருக்கும். சமையலறை பாரைவிடச் சீக்கிரம் மூடிவிடும். ஞாயிறு ரோஸ்ட் என்ற வாட்டிய இறைச்சிச் சாப்பாடு சாப்பிட ஆசை என்றால் முன்பதிவு செய்யுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்பது பப்புக்குப் பப் மாறும், மாலைக்கு மேல் பல இடங்களில் விடமாட்டார்கள். வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். இளமையாகத் தெரிபவர்கள் பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நேரத்தில் மணி அடிக்கும். முதல் மணி கடைசி ஆர்டருக்கு, இரண்டாவது மணி அடித்தால் பார் மூடியாயிற்று. அதற்குப் பிறகு கேட்காதீர்கள். காலிக் கிளாஸைப் பாரில் வைத்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள். கிராமத்துப் பப் என்றால் கடைசிப் பேருந்து எப்போது என்பதை முதல் பைண்ட் வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கார் சாவியைக் குடிக்காதவரிடம் கொடுத்துவிடுங்கள்.