மோதாம ஓடுற ரோபோ வேணுமா? மொதல்ல சென்சார் நம்பரைப் பாருங்க

நம்ம நெல்லை, பாளையங்கோட்டை பக்கம் பிள்ளைங்க நெறைய பேரு இப்ப தானா ஓடுற ரோபோ செய்யுதாங்க, பாக்கவே சந்தோசமா இருக்கு. ஆனா வீல், மோட்டார் எல்லாம் மாட்டி புரோகிராம் கோடும் ஏத்தின பொறவுதான் சென்சார் பத்தி யோசிக்காங்க. அதை மாத்திக்கிடுங்க. சத்தத்தை விட்டு தூரம் அளக்குற எச்.சி.எஸ்.ஆர்.04 சென்சாரை மட்டும் ஆர்டுயினோங்குற சின்ன கன்ட்ரோல் போர்டுல மாட்டி, கம்ப்யூட்டர்ல சீரியல் மானிட்டர்ங்குற விண்டோல வர்ற நம்பரை ஒரு சாயங்காலம் பூரா பாருங்க, பாதி பிரச்சினை அங்கனயே தெரிஞ்சிரும்.

சென்சார்ல வயர் மாட்டுற காலுங்கதான் பின்னு. அதுல ட்ரிக் பின்னுக்கு 10 மைக்ரோசெகண்ட் சிக்னல் குடுத்தா காதுக்குக் கேக்காத 40 கிலோஹெர்ட்ஸ் சத்தம் கெளம்பும், அது மோதித் திரும்புற நேரம் வரைக்கும் எக்கோ பின் ஹையில, அதாவது வோல்ட் ஏறின நெலைல நிக்கும். அந்த மைக்ரோசெகண்டை 58-ஆல வகுத்தா சென்டிமீட்டர். இந்த 58 சுமார் 20 டிகிரிக்குப் போட்ட கணக்கு, நம்ம ஊரு சித்திரை வெயில்ல 35 டிகிரி சாதாரணம், சூட்டுல சத்தம் இன்னும் வேகமா போவும், அதனால 1 மீட்டர்ல இருக்க சுவரை 98 சென்டிமீட்டர்னு காட்டும். 57 போட்டுக்கிடுங்க.

இதைவிடப் பெரிய விசயம் சாய்வு. வீட்டுல பீரோ முன்னால அரை மீட்டர்ல சென்சாரை நேரா வைங்க, 50 காட்டும். அப்படியே மெதுவா திருப்புங்க, ஒரு கட்டத்துல நம்பர் திடீர்னு எங்கயோ தாவும், இல்ல 0 வரும். பீரோ அங்கனதான் நிக்கி, ஆனா வழவழப்பான தகரத்துல சாய்வா எறிஞ்ச பந்து மாதிரி சத்தம் வேற பக்கம் போயிருது. கொடியில தொங்குற சேலை, மெத்தை இதெல்லாம் சத்தத்தை உறிஞ்சிரும், நாற்காலிக் காலு ஒல்லியா இருக்கதால சில நேரம் தப்பிரும்.

அதனால 0 வந்தா "வழி காலி"ன்னும் எடுக்காதீங்க, "முட்டப் போவுது"ன்னும் எடுக்காதீங்க. மூணு தடவ அளந்து நடு நம்பரை எடுங்க, தொடர்ந்து 0-னா வேகத்தைக் கொறைங்க. எக்கோ நேரத்தை அளக்குற பல்ஸ்இன் கட்டளைல டைம்அவுட், அதாவது காத்திருக்க எல்லை, 25000 மைக்ரோசெகண்ட் போடுங்க, போடலைன்னா எதிரொலி வராத நேரம் கோடு ஒரு செகண்ட் வரைக்கும் அப்படியே நின்னுரும், ரோபோ நிக்காது.

ஒரு சென்சார் பத்தாது. முன்னால ஒண்ணு, ரெண்டு பக்கமும் 45 டிகிரில ஒவ்வொண்ணு. மூணையும் ஒரே நேரத்துல விட்டா ஒண்ணோட எதிரொலியை இன்னொண்ணு தன்னோடதுன்னு எடுத்துக்கும், அதனால ஒவ்வொண்ணா 60 மில்லிசெகண்ட் இடைவெளில விடுங்க. ஒரு சுத்துக்கு 180 மில்லிசெகண்ட் ஆவும், ரோபோ நொடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடுனா அதுக்குள்ளயே 9 சென்டிமீட்டர் போயிரும், பிரேக் பிடிக்க தூரம் வேற இருக்கு. நிக்குற எல்லையை 25 சென்டிமீட்டருக்குக் கீழ வைக்காதீங்க.

நின்ன பொறவு எந்தப் பக்கம் நம்பர் பெருசோ அங்க திரும்பணும், ரெண்டுமே சின்னதுன்னா பின்னால வந்து திரும்பணும். திரும்ப ஆரம்பிச்சா முன்பக்கம் காலியாவுற வரைக்கும் பக்கத்தை மாத்தவே கூடாது, இல்லன்னா மூலையில மாட்டி இடம் வலம்னு ஆடிக்கிட்டே கெடக்கும்.

ஆர்டுயினோவுக்குப் பதிலா ஈ.எஸ்.பி.32 போர்டு வச்சிருக்கவங்க எக்கோ பின்னை நேரடியா மாட்டிராதீங்க, வர்றது 5 வோல்ட், போர்டு தாங்குறது 3.3. எக்கோல இருந்து 1 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் வழியா போர்டு பின்னுக்கு, அந்தப் பின்னுல இருந்து 2 கே கிரவுண்டுக்கு. மோட்டாருக்குத் தனி பேட்டரி வைங்க, கிரவுண்டை மட்டும் ஒண்ணா சேத்துருங்க.