நெல் விற்ற பணத்தை வீட்டுக் கடனில் கட்டலாமா, பிபிஎஃப்பில் போடலாமா?

மாசியில் நெல் விற்ற பணம் கணக்கில் ஏறியதும் எங்கள் வீட்டில் எழும் கேள்வி இது. பிபிஎஃப் என்பது வட்டிக்கு வரி இல்லாத, அரசின் பொது வருங்கால வைப்பு நிதி. நான் மன்னார்குடியில் பள்ளி ஆசிரியை. வீட்டுக்காரர் பத்து மா நிலத்தில் சாகுபடி பார்க்கிறார். வீட்டுக் கடன் 20 லட்சம், வட்டி 8.5 சதவீதம், 20 வருடம். மாதத் தவணை ஏறக்குறைய 17,350 ரூபாய். முதல் தவணையில் 14,167 ரூபாய் வட்டிக்கே போய்விட்டது. அசலில் கழிந்தது மூவாயிரத்துச் சொச்சம்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வருமான வரியில் நீங்கள் பழைய முறையா, புதிய முறையா என்று முதலில் பாருங்கள். புதிய முறையில், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு வரிக் கழிவு கிடையாது. கடனில் ஒரு லட்சம் குறைத்தால் வருடத்துக்கு 8,500 ரூபாய் மிச்சம். அதே லட்சத்துக்கு பிபிஎஃப் 7,100 தரும். அங்கே வட்டி 2020 ஏப்ரல் முதல் 7.1 சதவீதத்திலேயே நிற்கிறது. ஆக, கடனைக் குறைப்பதுதான் லாபம்.

பழைய முறையில் 20 சதவீத வரி கட்டுகிறவருக்குக் கணக்கு புரண்டுவிடும். 2 லட்சம் வரை வட்டிக்குக் கழிவு உண்டு. செஸ் என்ற கூடுதல் வரியோடு 20.8 சதவீத வரி மிச்சமாவதால், 8.5 என்பது அவருக்கு 6.7 மாதிரிதான். அங்கே பிபிஎஃப் முந்துகிறது. போடும் பணத்துக்கும் 1.5 லட்சம் வரை கழிவு உண்டு. ஆனால் சம்பளத்தில் பிடிக்கும் சேமநிதியும் எல்ஐசியும் சேர்ந்து அந்த வரம்பை ஏற்கெனவே நிரப்பியிருக்கலாம், அதைச் சரிபாருங்கள்.

இவ்வளவும் காகிதக் கணக்கு. ஒரு வருடம் சம்பாப் பணம் ஒன்றரை லட்சத்தையும் அப்படியே பிபிஎஃப்பில் போட்டேன். ஐப்பசி மழையில் நட்ட பயிர் மூழ்கி, மறுநடவுக்குக் கையில் காசில்லை. பிபிஎஃப் 15 வருடக் கணக்கு. ஏழாம் வருடத்தில்தான் கொஞ்சம் எடுக்கலாம். வளையலை அடகு வைத்தோம்.

அதனால் விவசாயக் குடும்பங்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஓவர்டிராஃப்ட் வசதியுள்ள, அதாவது போட்ட பணத்தை வேண்டும்போது திரும்ப எடுக்கக்கூடிய வீட்டுக் கடனைத்தான். ஸ்டேட் வங்கியில் அதற்கு மேக்ஸ்கெயின் என்று பெயர். கடன் கணக்கிலேயே பணத்தைப் போட்டு வைத்தால், அதைக் கழித்த மீதிக்குத்தான் வட்டி. மாசியில் போட்ட ஒன்றரை லட்சம், நாற்றங்காலுக்கும் உழவுக்கும் எடுக்கும் வரை நான்கு மாதம் கிடந்தாலே 4,250 ரூபாய் வட்டி மிச்சம். சேமிப்புக் கணக்கில் அதில் பாதிகூடத் தேறாது. வட்டி விகிதம் சாதாரணக் கடனைவிட எவ்வளவு கூடுதல் என்று மட்டும் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

அந்த வசதி இல்லாத கடன் என்றால், வயலுக்குத் திரும்பத் தேவைப்படாத பணத்தை மட்டும் அசலில் கட்டுங்கள். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2012-லேயே தடை போட்டுவிட்டது. கட்டும்போது மாதத் தவணைத் தொகையை மாற்றாமல், கடன் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் திட்டத்தையும் பாருங்கள். 2024 ஜனவரியிலிருந்து 8.2 சதவீதம், அதற்கும் வரியில்லை. என் சம்பளத்தில் மாதம் 2,000 மகள் பெயரில் அதற்குப் போகிறது. பிபிஎஃப்பில் போடுகிறவர்கள் மாதம் ஐந்தாம் தேதிக்குள் போட்டுவிடுங்கள். ஆறாம் தேதி போட்டால் அந்தத் தொகைக்கு அந்த மாத வட்டி போய்விடும்.