உறைபனிக்கு முன் மோட்டார் சைக்கிளைத் தயார்செய்தல்

உதகை, அவலாஞ்சி வட்டாரங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் அதிகாலைகளில் வெப்பநிலை சுழியத்தை ஒட்டி இறங்கிவிடுவதால், வடகிழக்குப் பருவமழை தணிந்ததுமே மோட்டார் சைக்கிளைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

முதலில் பேட்டரியைக் கவனிக்க வேண்டும். குளிரில் அதன் திறன் குறைகிறது. எஞ்சின் ஆயிலும் கெட்டியாகி ஸ்டார்ட்டர் மோட்டாரின் சுமையைக் கூட்டுகிறது. வண்டியைச் சில மணி நேரம் ஓட்டாமல் வைத்திருந்து மல்டிமீட்டரால் அளந்தால், முழுதாகச் சார்ஜான ஈய அமில பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் செய்து, மறுநாளும் இறங்கியிருந்தால் மாற்றிவிடலாம். ஆயிலைக் கையேட்டில் குறிப்பிட்ட தரத்திலேயே ஊற்றுங்கள். '10டபிள்யூ-30' போன்ற குறியீட்டில் முதல் எண் சிறியதாக இருக்குமளவுக்கு அந்த ஆயில் குளிரில் எளிதாக ஓடும்.

பிரேக்குக்கே கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும் என்பேன். டிஸ்க் பிரேக்கின் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற தொடர் இறக்கத்தில் ஈரமேறிய திரவம் சூடேறிக் கொதித்தால் பிரேக் பிடிக்காது. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. பேட் தேய்மானத்தையும் அப்போதே பார்த்துவிடலாம்.

குளிரில் டயரின் காற்றழுத்தம் தானாகவே குறையும் என்பதால், காலையில் வண்டியை எடுக்கும் முன்பே அதை அளக்க வேண்டும். பிடிமானம் கூடும் என்று நம்பிச் சிலர் காற்றை மேலும் இறக்குவது வீண் வேலை. செயினைத் துடைத்து, எண்ணெயிட்டு, தளர்வைக் கையேட்டின் அளவுக்குள் வைத்தால் போதும்.