நுவரெலியாக் குளிரில் 20 பாகை

ஜனவரியில் நுவரெலியா வீட்டில் கழுவிய இரண்டு பிலிம் சுருள்களும் வெளிறிப்போயின. தொழிற்சாலையிலேயே பதிவாகி வரும் ஓரத்து எண்கள்கூட மங்கல். அப்படியானால் கோளாறு கமராவில் இல்லை, கழுவியதில்தான். படத்தைத் துலங்கவைக்கும் டெவலப்பர் திரவத்தை 20 பாகையில்தான் ஊற்றியிருந்தேன். இரண்டாவது சுருளில், 13 நிமிடம் கழித்து வெளியே கொட்டியபோது வெப்பமானியை வைத்துப் பார்த்தேன்: 16. சுருளைக் கழுவும் டாங்கி குளிர்ந்திருந்தது; அதுவும் சீமெந்துத் தரையும் சூட்டை உறிஞ்சியிருந்தன. குளிரில் டெவலப்பரில் உள்ள ஹைட்ரோகுயினோன் என்ற இரசாயனம் சோர்ந்துவிடும், கறுப்பு ஏறாது.

இப்போது பெரிய பேசினில் 21 பாகைத் தண்ணீர் நிரப்பி, டாங்கி, படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர், அலசும் தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாவற்றையும் அரைமணி நேரம் அதிலேயே நிறுத்திவைக்கிறேன். பக்கத்தில் கேத்தல். அரைப் பாகை இறங்கினால் ஒரு கோப்பைச் சுடுநீர், டாங்கியில் படாமல் ஓரமாக. ஒவ்வொரு முறை கவிழ்த்து நிமிர்த்திய பின்னும் டாங்கி பேசினுக்கே திரும்பும். குழாய்த் தண்ணீரில் நேரே அலசவே மாட்டேன். நேற்றைய சுருளில் தேயிலைக் கொழுந்தின் நரம்புவரை தெரிகிறது!