மதுரை – கன்னியாகுமரி: தனியாக சைக்கிள் மிதிப்பவர்களுக்கு

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு தேசிய நெடுஞ்சாலை 44 வழியாகச் சுமார் 240 கிலோமீட்டர். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பாதையில் ஆளைச் சோதிப்பது காற்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பீறிட்டு வரும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். வெயில் ஏற ஏறக் காற்றும் வலுக்கும் என்பதால், முதல் நாள் திருநெல்வேலியில் தங்கிவிட்டு மீதியை விடியற்காலையில் தொடங்குங்கள். எதிர்காற்றில் வேகத்தைப் பார்க்கவே வேண்டாம். கியரைக் குறைத்து ஒரே சீராக மிதியுங்கள். பக்கவாட்டில் அடிக்கும்போது, லாரி கடக்கும் நொடியில் காற்று மறைபட்டு, கடந்ததும் சட்டென்று தள்ளும். ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்திருங்கள்.

அப்புறம், உங்கள் ட்யூபில் ஒல்லியான பிரெஸ்டா வால்வா? ரோட்டோரப் பஞ்சர் கடையின் ஏர் பைப் அதில் பொருந்தாது. விரல் நுனி அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும். வால்வு முனையிலுள்ள குட்டி நட்டைத் தளர்த்திவிட்டு அடாப்டரை மேலே திருகினால் போதும், எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம்.

வழியில் கயத்தாற்றில் அவசியம் நில்லுங்கள். 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர். கூட்டமாகப் போனால் நேரத்தைக் கணக்குப் பார்த்துத் தாண்டிவிடுவோம். தனியாகப் போகிறவருக்கு அந்த அவசரம் இல்லை. பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளவும் அது தோதான இடம்.