சிறு இடதுசாரிக் கட்சியொன்றின் வரலாற்றை எழுதுவது எப்படி? நோர்வேயின் ‘ரொட்’டை முன்வைத்து

யாழ்ப்பாணத்தில் அரசறிவியல் படிக்கும் ஒருவர் நோர்வேயின் ரொட் (சிவப்பு) கட்சியைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுவதாயின், முதலில் பெயர்களின் வரிசையை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். 1969இல் சோசலிச மக்கள் கட்சியின் இளைஞர் அமைப்பு அதிலிருந்து பிரிந்து மாவோவின் வழியை ஏற்றது. அந்த இயக்கத்திலிருந்து 1973இல் தொழிலாளர் கொம்யூனிஸ்ட் கட்சி உருவாயிற்று. அது தன் பெயரில் போட்டியிடாமல் சிவப்புத் தேர்தல் கூட்டணியைக் களமிறக்கியதால், கட்சியின் பெயரை வாக்குப் பட்டியல்களில் தேடுபவருக்கு எதுவும் அகப்படாது. 2007இல் இரண்டும் இணைந்தே ரொட் ஆயின. 1964இல் சண்முகதாசன் தலைமையில் சீனச் சார்பான (பீக்கிங் சார்பு) அணி இலங்கைக் கொம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து பிரிந்ததை அறிந்த நம்மவர்க்கு இவ்வரலாறு அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

அடுத்து ஆசனக் கணக்கைத் தெளிவாக்குக. நம் நாட்டில் மாவட்ட வாக்குகளில் 5 சதவீதம் பெறாத கட்சி அங்கு ஆசனம் பெறாது. நோர்வேயில் 4 சதவீத வரம்பு 169 ஆசனங்களில் 19 சமநிலை ஆசனங்களுக்கு (நாடளாவிய வாக்கு விகிதத்துக்கு ஏற்பக் கட்சிகளின் ஆசன எண்ணிக்கையைச் சரிசெய்யப் பகிரப்படுபவை) மட்டுமே உரியது. மாவட்ட ஆசனத்துக்கு அவ்வரம்பு இல்லை. ஆகவேதான் 1993இல் நாடளாவிய ரீதியில் 1.1 சதவீதமே பெற்ற கூட்டணியின் எர்லிங் ஃபொல்க்வோர்ட் ஒஸ்லோவிலிருந்து பாராளுமன்றம் செல்ல முடிந்தது. 2021இல் ரொட் 4.7 சதவீதம் பெற்று வரம்பைத் தாண்டியதும் அதன் ஆசனங்கள் ஒன்றிலிருந்து எட்டாகின.

ஆயினும் கட்டுரையின் பெரும்பகுதியை எழுபதுகளுக்கே ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. பல்கலைக்கழகப் படிப்பைக் கைவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குச் சென்ற உறுப்பினர்களை வாக்கு விகிதம் காட்டாது. 1978இல் தொழிலாளர் கொம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் போல் ஸ்டைகான் தலைமையிலான குழு கம்போடியா சென்று பெருந்தொகை மக்களைப் பலிகொண்ட பொல் பொட் ஆட்சியை ஆதரித்ததையும் மறைக்காமல் எழுதுக. பிற்காலத்தில் அக்கட்சி எதிர்கொண்ட கடும் விமர்சனம் பெரிதும் இதையொட்டியதே.

மூலங்களுள் 1969இல் தொடங்கிய ‘கிளாசெகாம்பன்’ பத்திரிகை முதன்மையானது. எழுபதுகளின் இதழ்களைக் கட்சியின் குரலாகவே வாசிக்க வேண்டும். இன்றைய இதழை அவ்வாறு கொள்ளலாகாது. நோர்வே தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் ஏற்றியிருப்பினும் அவற்றுட் பல அந்நாட்டுக்குள்ளிருந்தே திறக்கும் என்பதால், ஒஸ்லோவில் உறவினர் உள்ளவர்கள் வேண்டிய இதழ்களின் திகதிகளை முன்கூட்டியே எழுதி அனுப்புவது நன்று.