திக்குவாய் சிகிச்சை: வீட்டுப் பயிற்சியை வருபவரோடு சேர்ந்து அமைக்கும் முறை

"தினமும் ஐந்து பேரிடம் பேசுங்கள்" என்று எழுதிக் கொடுத்து அனுப்புவது முன்பு என் வழக்கம். ஒரு வாரம் கழித்து ஒருவர் நோட்டை நீட்டினார். ஏழு நாள்களுக்கும் டிக். ஏழும் ஒரே பேனா, ஒரே சாய்வு. வரவேற்பறையில் உட்கார்ந்து போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவரைக் கேட்காமல் நானாக முடிவு செய்த பயிற்சி அது. பிறகு மாற்றிக்கொண்ட முறையை, புதிதாக வரும் பேச்சு சிகிச்சையாளர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: எந்தச் சொல்லைத் தவிர்க்கிறார் என்று கேளுங்கள். அதே மனிதர், பல்லாவரத்தில் இறங்க வேண்டியவர், 'ப' வராது என்ற பயத்தில் தாம்பரத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார். கூடுதல் காசு கொடுத்து, பல ஆண்டுகளாக! அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ஷீஹன் திக்குவாயைப் பனிப்பாறையோடு ஒப்பிட்டது இதனால்தான். காதில் விழும் திக்கல் மேல்நுனி மட்டுமே. பயமும் வெட்கமும் நீருக்கடியில் கிடக்கின்றன.

படி 2: நுட்பம். அமெரிக்கப் பேச்சு சிகிச்சை முன்னோடி சார்லஸ் வான் ரைப்பர் வகுத்தபடி, திக்கிய சொல்லை முடித்து, சற்று நிறுத்தி, உதட்டு இறுக்கத்தைத் தளர்த்தி மறுபடி சொல்ல வேண்டும். முதலில் நீங்கள் வேண்டுமென்றே திக்கிச் செய்து காட்டுங்கள்.

படி 3: பயிற்சியின் அளவு. நான் தடுக்கி விழுந்த இடம் இது. "இதைச் செய்வேன் என்ற நம்பிக்கை பத்துக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். கண்டக்டரிடம் 'பல்லாவரம்' கேட்பதற்கு அவர் சொன்னது 3. "ஏழாக என்ன வேண்டும்?" என்றேன். வெகுநேரம் யோசித்தார். கூட்டமில்லாத மதியப் பஸ், கையில் எண்ணி வைத்த சில்லறை, பக்கத்தில் தம்பி என்று அவரே அடுக்கினார். சில்லறை தேடும்போது கண்டக்டர் காத்து நிற்பாரே, அந்த அவசரத்தில்தான் தொண்டை அடைக்கிறதாம். எனக்கு அது தோன்றியிருக்கவே செய்யாது. ஊர்ப்பெயரை மாற்றாமல் சொன்னால் வெற்றி, எவ்வளவு திக்கினாலும் சரி என்று இருவரும் பேசி முடிவு செய்தோம்.

படி 4: குறிப்பு. செல்போன் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. எண்ணிக்கை காட்டும் திரை மறுபடி பரீட்சையாகிவிடுகிறது. சட்டைப்பை நோட்டு போதும். எங்கே பேசினேன், எப்படி இருந்தது, அடுத்து என்ன என்று ஒரு வரி. டிக் போடும் கட்டமே வேண்டாம்.

பிற்சேர்க்கை: "'நீங்களே சொல்லுங்கள் மேடம், செய்கிறேன்' என்று கும்பிடுகிறார்களே, என்ன செய்வது?" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நம் ஊரில் மரியாதை காரணமாக இது நிச்சயம் வரும். மூன்று பயிற்சிகளைத் தாளில் எழுதி, பேனாவை அவர் கையில் கொடுத்து, "எது வேண்டாமோ அதை அடித்துவிடுங்கள்" என்பேன். தேர்ந்தெடுக்கத் தயங்குபவர்கூட அடிக்கத் தயங்குவதில்லை. "போன் வேண்டாம் மேடம், 'ஹலோ'வே வராது" என்று ஒருவர் அடித்தார். அடுத்த மாதம் அந்த 'ஹலோ'வைத்தான், அவர் கேட்டதன் பேரில், எடுத்தோம்.